தோட்டப் பக்கம் தபால் வேலை கிடைத்திருக்கிறது: கடிதத்தை ஆபிஸில் கொடுப்பதா, லயத்துக்கே கொண்டு போவதா?

கொட்டகலைத் தங்கச்சி

எல்லோருக்கும் வணக்கம். தபால் விநியோக வேலைக்கு எனக்கு நியமனம் கிடைத்திருக்கிறது. வரும் மாதம் இலங்கை மலையகத்தில் அக்கரப்பத்தனைப் பக்கம் ஓர் உப தபாலகத்தில் பொறுப்பேற்கிறேன். டவுனில் கொஞ்சம் கடைகள், ஒரு வைத்தியசாலை, பாடசாலைகள். மற்றதெல்லாம் தேயிலைத் தோட்டம். ஒவ்வொரு தோட்டமும் மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு என்று மலை மலையாகப் பிரிந்து கிடக்கிறது.

நான் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் இருக்கிற வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவள். அம்மா இன்றும் கொழுந்து எடுக்கிறார். ஏற்றம் இறக்கம், மழை, பனி எதுவும் எனக்குப் புதிதில்லை. ஆனால் பையைத் தோளில் போட்டுக்கொண்டு தெரியாத தோட்டங்களுக்குத் தனியாகப் போவது இதுதான் முதல் தடவை. சப்பாத்து, ரெயின்கோட், எந்த நேரத்தில் எந்தப் பாதை, பெண்பிள்ளை தனியாகப் போகும்போது என்ன கவனிக்க வேண்டும், இதெல்லாம் சொன்னால் உதவியாக இருக்கும்.

இன்னொரு விஷயம்தான் என்னைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது. இப்போது அந்தப் பீட்டை, அதாவது தபால் கொடுக்கிற சுற்றை, பார்க்கிறவரைச் சந்தித்தேன். நல்ல மனிதர், பொறுமையாக எல்லாம் சொல்லிக் கொடுத்தார். "தோட்டத்துக் கடிதத்தையெல்லாம் கட்டாகக் கட்டித் தோட்ட ஆபிஸில் கொடுத்துவிடு மகள், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், மத்தியானத்துக்குள் திரும்பிவிடலாம்" என்றார். முன்பிருந்தே அப்படித்தானாம்.

எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. பேர் எழுதி முத்திரை ஒட்டி வருகிற கடிதம் அந்தப் பேருக்குரியவர் கையில் போய்ச் சேர வேண்டும் என்று நினைக்கிறேன். ஆனால் புதிதாகப் போகிறவள் எடுத்த எடுப்பிலேயே பழைய வழக்கத்தை மாற்றினால் பிரச்சினை வருமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


மஸ்கெலியா மழை

வாழ்த்துகள் தங்கச்சி. நானும் தபால்காரன்தான், இப்போதும் பை தூக்குகிறேன். ஆபிஸா லயமா என்ற கேள்விக்குப் பெரியவர்கள் வந்து பதில் சொல்லட்டும். நான் முதலில் காலைப் பற்றிச் சொல்கிறேன்.

சப்பாத்தில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். மழைக்கு கம்பூட்ஸ் நல்லது என்று தோன்றும். ஆனால் பாசி பிடித்த கல் படிக்கட்டில் இறங்கும்போது அது வழுக்கும், நாள் முழுக்க நடந்தால் குதிகால் கொப்பளித்துவிடும். அடிப்பக்கம் நல்ல பிடிப்புள்ள சப்பாத்து, மேலே முழங்கால் வரைக்கும் அட்டைக் காலுறை, அதுதான் சரி. காலுறையின் வெளிப்பக்கம் சவர்க்காரத்தை நன்றாகத் தேய்த்துவிட்டால் அட்டை ஏறுவது குறையும். கடித்துவிட்டால் பிடித்து இழுக்காதீர்கள். வாய் இருக்கிற இடத்தில் நகத்தை வைத்துப் பக்கவாட்டில் தள்ளினால் விட்டுவிடும்.

மழையில் முதலில் காப்பாற்ற வேண்டியது கடிதத்தை. எங்கள் பக்கமும் உங்கள் பக்கமும் தென்மேல் பருவக்காற்று மே கடைசியில் பிடித்தால் செப்டெம்பர் வரைக்கும் விடாது. பதுளை, பசறைப் பக்கம் போனால் டிசம்பர், ஜனவரியில்தான் அடிக்கும். கைப் பேனாவால் எழுதிய முகவரி ஒரு தூறலில் கரைந்துவிடும். பைக்குள் ஒரே பெரிய பொலித்தீன் போட்டால் ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் எல்லாம் நனையும். பிரிவுக்கு ஒரு உறை என்று தனித்தனியாகப் போட்டு, அந்தந்த இடத்தில் ஒன்றை மட்டும் திறவுங்கள்.

அப்புறம் குளவி. இதை மிகவும் அழுத்திச் சொல்கிறேன். கொழுந்து எடுக்கிற அக்காமார் குளவி கொட்டி வைத்தியசாலைக்குப் போவது நம் பக்கத்தில் எவ்வளவு சாதாரணமாகிவிட்டது என்று உங்களுக்கே தெரியும், உயிரும் போயிருக்கிறது. பெரிய மரத்தில்தான் கூடு இருக்கும் என்று நினைக்க வேண்டாம். தேயிலைச் செடிக்குள்ளும் கான் (வடிகால்) ஓரத்திலும் இருக்கும். குறுக்குப் பாதையில் இறங்குவதற்கு முன்னால், அந்த மலையில் வேலை செய்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். காற்று பலமாக இருக்கிற நாளில் ரோட்டைச் சுற்றியே போங்கள், நேரம் போனாலும் பரவாயில்லை.

தனியாகப் போவதைப் பற்றி: தினமும் ஒரே பாதையில், ஒரே நேரத்துக்குப் போங்கள். "தபால்கார அக்கா இன்னும் வரவில்லையே" என்று பிள்ளைக்காம்பரா (சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற இடம்) ஆயாவும் கடைக்கார அண்ணனும் தேடுகிற நிலை வந்துவிட்டால் அதை விடப் பாதுகாப்பு இல்லை. பாதையை உப தபாலதிபரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். போன் சிக்னல் இல்லாத மடுக்கள் நிறைய இருக்கின்றன.


பழைய பை

மகளுக்கு என் ஆசீர்வாதம். நான் ஓய்வு பெற்ற தபால்காரன். ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கம் முழுக்க நடந்திருக்கிறேன். 1894ல் கட்டிய நுவரெலியா செங்கல் தபாலகத்திலும் கொஞ்ச காலம் பதில் வேலை பார்த்தேன்.

லயத்துக்கே கொண்டு போங்கள். இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. ஆனால் அப்படிச் செய்ய வேண்டுமென்றால் அதற்கான ஆயத்தம் வேண்டும், நல்ல மனசு மட்டும் போதாது.

முதலில் ஒரு கொப்பி வாங்குங்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் சில பக்கங்கள் ஒதுக்கி, லயத்தைக் கோடாக வரைந்து, காம்பராவுக்குக் காம்பரா (வீட்டுக்கு வீடு) யார் இருக்கிறார்கள் என்று எழுதுங்கள். பேர் எழுதும்போது கவனம். நம் ஆட்களுக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு பேர், அடையாள அட்டையில் கொஞ்சம் மாறின பேர், லயத்தில் கூப்பிடுகிற பேர் வேறு. கடிதம் ராஜலெட்சுமிக்கு வரும், லயத்தில் போய்க் கேட்டால் அப்படி யாரும் இல்லை என்பார்கள். பாப்பாத்தி என்று கேட்டால் மூன்றாவது காம்பராவைக் காட்டுவார்கள். அதே தோட்டத்தில் இன்னொரு ராஜலெட்சுமியும் இருப்பார். தகப்பன் பேரின் முதல் எழுத்தும் ஒன்றாக இருந்துவிட்டால் தகப்பனின் முழுப் பேரையும் கேட்டுக் குறித்து வையுங்கள். யார் கொழும்பில் வேலைக்குப் போயிருக்கிறார்கள், யார் வெளிநாட்டில், வீட்டில் பொறுப்பாக இருப்பது யார், அதையும் எழுதுங்கள். இந்தக் கொப்பி இல்லாமல் நான் ஒரு பீட்டையும் எடுத்ததில்லை.

இரண்டாவது, நேரம். காலையில் லயத்துக்குப் போனால் கதவு பூட்டியிருக்கும். பெரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் கூடுகிற இடத்துக்கு) போனவர்கள் மலையில் நிற்பார்கள். கிழவி ஒருத்தியும் சின்னப் பிள்ளைகளும்தான் இருப்பார்கள். பதிவுத் தபாலில் கையெழுத்து வாங்க அது நேரமில்லை. மத்தியானம் கொழுந்து நிறுக்கிற நேரம் மடுவத்துக்குப் போங்கள். அந்தப் பிரிவுப் பெண்கள் அநேகம் பேர் அங்கே வரிசையில் நிற்பார்கள். காலையில் டவுன், பாடசாலை, வைத்தியசாலை முடித்து, மடுவத்து நேரத்துக்குத் தோட்டத்தில் இருக்கிற மாதிரி உங்கள் சுற்றை அமைத்துக்கொண்டால் வேலை பாதி முடிந்தது.

மூன்றாவது, சிங்களம் வாசிக்கப் பழகுங்கள். 1987ல் 13வது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியாகிவிட்டது. ஆனாலும் திணைக்களக் கடிதங்களின் முகவரி சிங்களத்தில் வருவது நிற்கவில்லை. அங்கே ஒரு பேரைத் தவறாக வாசித்தால் கடிதம் வேறு பிரிவுக்குப் போய்விடும்.


லிந்துலைக் கிளாக்கர்

நான் தோட்ட ஆபிஸில் வேலை செய்கிறவன். எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். ஆபிஸ் என்றாலே கடிதத்தை முடக்கி வைக்கிற இடம் என்று பேசுவது சரியில்லை.

வருகிற கடிதங்களில் பாதிக்கு மேல் பேரும் தோட்டத்தின் பேரும் மட்டும்தான் இருக்கும். பிரிவு இல்லை, லய இலக்கம் இல்லை. நூற்றுக்கணக்கான குடும்பம் இருக்கிற இடத்தில் "எஸ். மாரியாயி" யார் என்று தபால்காரருக்கு எப்படித் தெரியும்? எங்களிடம் செக்ரோல் (தொழிலாளர் பேர்ப் பதிவேடு) இருக்கிறது, சேமலாப நிதி இலக்கம் இருக்கிறது, ஆளைக் கண்டுபிடித்துவிடுவோம். கடிதம் வந்தால் கங்காணியிடம் சொல்லி விடுகிறோம், ஆள் வந்து வாங்கிக்கொள்கிறார்.

லயத்துக்குக் கொண்டு போகிறேன் என்று போய், வீட்டில் ஆளில்லாமல் பக்கத்துக் காம்பராப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டுப் போன கடிதங்கள் எத்தனை தொலைந்திருக்கின்றன என்று எனக்குத் தெரியும். பிள்ளை அதை எங்கேயாவது போட்டுவிட்டு விளையாடப் போய்விடும். ஆபிஸில் இருந்தால் குறைந்தது ஒரு மேசையும் பூட்டும் இருக்கிறது.

தங்கச்சியை ஊக்கம் குறைய வைக்கச் சொல்லவில்லை. போகிற இடத்தில் ஆபிஸோடு பகைத்துக்கொள்ளாமல் தொடங்குங்கள் என்றுதான் சொல்கிறேன்.


பசறை மலர்

கிளாக்கர் அண்ணனுக்கு வணக்கம். நீங்கள் நேர்மையாக வேலை செய்கிறவர் என்று நம்புகிறேன். ஆனால் எல்லா ஆபிஸும் உங்கள் ஆபிஸ் இல்லை.

உயர்தரம் முடித்துவிட்டுக் கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பித்திருந்தேன். நேர்முகத் தேர்வுக் கடிதம் பதிவுத் தபாலில் வந்தது. தபாலகத்தில் அதற்குக் கையெழுத்துப் போட்டு வாங்கியது தோட்டத்து ஆள். கடிதம் ஆபிஸ் மேசையில் மற்றக் கடிதங்களோடு கட்டாகக் கிடந்தது. சம்பளத்துக்குப் போன அப்பா கையில் அதைக் கொடுத்தார்கள். உறையைப் பிரித்துத் தேதியைப் பார்த்தேன். நேர்முகத் தேர்வு முடிந்து போயிருந்தது. அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போய்க் கேட்டுப் பார்த்தார். கடிதம் ஒப்படைக்கப்பட்டதாகப் பதிவு இருக்கிறது, எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். அவர்கள் சொன்னதும் சரிதான். தாளில் நான் அதைப் பெற்றுக்கொண்டவள்.

பிறகு ஆசிரியர் உதவியாளராகச் சேர்ந்து, இன்று ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். அதற்குள் வருடங்கள் போய்விட்டன. என்னோடு அதே தோட்டத்தில் இருந்த ஒரு அக்காவுக்கு அடகுக் கடிதம் இப்படித்தான் பிந்தியது. மகளுக்கென்று வைத்திருந்த ஒரு சோடி தோடும் சங்கிலியும் ஏலத்தில் போய்விட்டன. வட்டி கட்டக் காசு அவரிடம் இருந்தது. திருப்பச் சொல்லி வந்த கடிதம்தான் கைக்கு வரவில்லை.

ஆகவே தங்கச்சி, பதிவுத் தபாலையாவது நேரே கொடுங்கள். சாதாரணக் கடிதத்தில் எப்படிச் செய்தாலும், பதிவுத் தபாலுக்கு அந்த ஆளின் கையெழுத்துதான் வேண்டும், வேறு யாருடையதும் வேண்டாம்.

(மட்டுறுத்துநர்: மேலே உள்ள பதிவில் தோட்டத்தின் பெயரை நீக்கியிருக்கிறேன். விவாதத்தைத் தொடருங்கள்.)


தப்பால்காரர் மகன்

மலர் அக்காவின் பதிவை வாசித்ததும் எழுத வேண்டும் என்று தோன்றியது. என் அப்பா தோட்டத்துத் தப்பால்காரர். அரசாங்கத் தபால்காரர் இல்லை, தோட்டத்துச் சம்பளத்தில் தப்பால் வேலை செய்தவர். இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று இளையவர்களுக்குத் தெரிவது நல்லது.

ஆசியாவின் முதல் தபால் வண்டி என்று சொல்லப்படுகிற குதிரை வண்டி 1832ல் கொழும்பிலிருந்து கண்டிக்கு ஓடத் தொடங்கியது. ரயில் 1867ல் கண்டிக்கும் 1885ல் நானுஓயாவுக்கும் வந்தது, 1924ல் பதுளையைத் தொட்டது. இரவு தபால் ரயிலில் மலைக்குக் கடிதம் ஏறி வந்ததெல்லாம் பெரும்பாலும் தோட்டத்தை நடத்துகிற துரைமாருக்காகத்தான். தோட்டம் தன் ஆளை அனுப்பித் தபாலகத்தில் பை எடுத்துவரச் சொன்னது. எங்கள் தோட்டத்துப் பைக்குப் பூட்டு உண்டு. ஒரு சாவி தபாலகத்தில், மற்றது ஆபிஸில். அப்பா தூக்கி வந்த பைக்குள் என்ன இருக்கிறது என்று அப்பாவுக்கே தெரியாது. ஆபிஸில் திறந்து, பங்களாக் கடிதம் ஒரு பக்கம், உத்தியோகத்தர் கடிதம் ஒரு பக்கம், லயத்துக் கடிதம் கடைசியில்.

துரைக்கும் ஆபிஸுக்கும் செய்த ஏற்பாடு அது. லயத்து ஆட்கள் பிறகு அதற்குள் ஒட்டப்பட்டார்கள், அவ்வளவுதான். 1948ல் பிரஜாவுரிமை போய், அடுத்த வருடம் வாக்கும் போய், எங்கள் ஆட்கள் முகவரி கேட்கிற நிலையிலேயே இருக்கவில்லை. பிரஜாவுரிமைப் பிரச்சினை 2003 சட்டத்தோடு ஒரு முடிவுக்கு வந்தது. வாக்கு இருக்கிறது, அடையாள அட்டை இருக்கிறது, வங்கிக் கணக்கு இருக்கிறது. கடிதம் மட்டும் இன்னும் "துரை மேற்பார்வையில்" வருகிறது. கிளாக்கர் அண்ணன் சொல்வது போல ஆபிஸில் நல்லவர்கள் இருக்கலாம். என் கடிதம் என் கைக்கு வர ஆபிஸில் ஒரு நல்லவர் இருக்க வேண்டும் என்ற நிலையே இருக்கக் கூடாது என்பதுதான் என் வாதம்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். பை ஆபிஸுக்குப் போன பிறகு அவருடைய வேலை முடிந்துவிடும். ஆனாலும் அவர் வெளியே நின்று, லயத்துக் கடிதம் பிரித்து முடியும் வரைக்கும் காத்திருந்து, தன் பிரிவுக் கடிதங்களைக் கேட்டு வாங்கி வருவார். சட்டைக்குள் வைத்துக் கொண்டு வந்து அன்றைக்கு அன்றைக்கே கொடுத்துவிடுவார். யாரும் அதற்குச் சம்பளம் கொடுக்கவில்லை.


கோட்டகிரிப் பேரன்

தமிழ்நாட்டிலிருந்து வாசிக்கிறேன். 1964 அக்டோபர் இலங்கை-இந்திய ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதாக இரண்டு அரசும் முடிவு செய்தன அல்லவா, அதில் வந்த குடும்பம் எங்களுடையது. தாத்தாவும் அம்மாயியும் இங்கே நீலகிரிக்கு வந்துவிட்டார்கள். அம்மாயியின் தங்கை டிக்கோயாப் பக்கம் நின்றுவிட்டார்.

எங்கள் வீட்டில் ஒரு தகரப் பெட்டி நிறைய அங்கிருந்து வந்த நீலக் கடிதங்கள் இருக்கின்றன. கடிதத்துக்குக் கடிதம் சின்ன அம்மாயி ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்: "போன கடிதம் கிடைத்ததா, ஏன் பதில் இல்லை?" இந்தப் பக்கம் அம்மாயி ஒவ்வொன்றுக்கும் பதில் போட்டுக்கொண்டேதான் இருந்தார். அது எங்கே தங்கியது என்று இப்போது இந்த இழையை வாசிக்கும்போது யோசிக்கிறேன். இருவரும் கடைசி வரைக்கும் நேரில் பார்க்கவே இல்லை.

அந்தத் தங்கச்சி லயத்துக்குப் போகட்டும்.


லிந்துலைக் கிளாக்கர்

மலர் தங்கச்சியின் விஷயம் வருத்தமாக இருக்கிறது. அதற்கு நான் ஆபிஸ் பக்கம் நின்று நியாயம் சொல்ல மாட்டேன். பதிவுத் தபாலை உரியவர்தான் வாங்க வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை.

தங்கச்சிக்கு ஒரு யோசனை. முதல் கிழமையே ஆபிஸுக்குப் போய்ப் பெரிய கிளாக்கரைக் கண்டு, "இனி லயத்துக் கடிதத்தை நானே கொடுக்கிறேன், முகவரி விளங்காததை மட்டும் உங்களிடம் கேட்கிறேன்" என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். அநேகமாக அவருக்கும் ஒரு சுமை குறைந்தது போலத்தான் இருக்கும். ஆபிஸில் விட வேண்டி வருகிற கடிதத்துக்கு ஒரு சின்னப் பதிவுக் கொப்பி வைத்து, தேதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போட்ட கடிதத்தை யாரும் மேசையில் மறந்து வைப்பதில்லை. நான் இருபக்கமும் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.


மஸ்கெலியா மழை

கிளாக்கர் அண்ணன் சொன்ன கொப்பி நல்ல யோசனை. நானும் செய்யப் போகிறேன்.

முகவரி ஏன் இல்லை என்பதற்கு ஒரு காரணத்தை யாரும் சொல்லவில்லை. டவுனில் வீட்டுக்கு இலக்கம் கொடுப்பது உள்ளூராட்சி மன்றம். 1987 பிரதேச சபைச் சட்டத்தின்படி தோட்டத்துக்குள் பிரதேச சபை நினைத்தபடி வேலை செய்ய முடியாத நிலை இருந்தது. தோட்ட ரோட்டும் லயமும் கம்பனியின் பொறுப்பு என்று ஒதுங்கிவிட்டார்கள். 2018ல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது சபை தோட்டத்துக்குள்ளும் வேலை செய்யலாம். 7 பேர்ச் காணியில் கட்டிய புதுக் கிராமங்களுக்குப் பேர் இருக்கிறது, வீட்டுக்கு இலக்கம் கேட்டு வாங்க வழியும் இருக்கிறது. கேட்டால்தான் கிடைக்கும்.

இன்னொன்று. மண்சரிவுக் காலத்தில் உங்கள் கொப்பிதான் பெரிய துணை. 2014 ஒக்டோபர் 29ல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயம் லயமாக மண்ணுக்குள் போனது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையில் மலையகம் முழுக்க ஆட்கள் வீட்டை விட்டுப் பாடசாலைக்கும் கோயிலுக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கும் போனார்கள். அந்த நேரத்தில்தான் தொலைந்த அடையாள அட்டைக்குப் பதில் அட்டை, நட்டஈட்டுக் கடிதம், வங்கிக் கடிதம் எல்லாம் வரும். லயம் இருந்த இடத்தில் ஆளில்லை. யார் எந்த இடத்தில் தங்கியிருக்கிறார்கள் என்பது கிராம அலுவலருக்கு அடுத்தபடியாகத் தபால்காரருக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். ஆள் இல்லை என்று எழுதித் திருப்பி அனுப்புவதற்கு முன் நாலு பேரிடம் விசாரியுங்கள்.


கொட்டகலைத் தங்கச்சி

எல்லோருக்கும் நன்றி. வேலையைப் பொறுப்பேற்றுவிட்டேன். முன்னமே எழுத நினைத்தேன், வீட்டுக்கு வந்தால் கால் வலியில் அப்படியே தூங்கிவிடுகிறேன்.

கிளாக்கர் அண்ணன் சொன்ன மாதிரி ஒவ்வொரு ஆபிஸுக்கும் போய்ச் சொன்னேன். ஓர் இடத்தில் சந்தோஷமாக ஒத்துக்கொண்டு, செக்ரோலைப் பார்த்து லய வாரியாகப் பேர்ப் பட்டியல் எழுதிக்கொள்ள விட்டார்கள். இன்னோர் இடத்தில் "துரையிடம் கேட்க வேண்டும்" என்றார்கள். கேட்டுச் சொல்லும் வரைக்கும் சாதாரணக் கடிதம் மட்டும் கையெழுத்து வாங்கிக்கொண்டு அங்கே கொடுக்கிறேன். பதிவுத் தபாலை நானே கொண்டு போகிறேன். அதற்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஐயா சொன்ன மடுவத்து நேரம் நூற்றுக்கு நூறு சரி. ஆனால் அங்கே ஒன்றைக் கவனித்தேன், அதை இங்கே எழுத வேண்டும். ஓர் அம்மாவுக்கு வங்கியிலிருந்து பதிவுத் தபால். இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு கூடையோடு வரிசையில் நின்றார். உறையின் மேல் வங்கியின் பேர் பெரிதாக அச்சடித்திருந்தது. பேரைச் சத்தம் போட்டுக் கூப்பிட வாய் திறந்தவள், அதைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். நான் கூப்பிட்டு அதை நீட்டினால் அவர் எதை அடகு வைத்திருக்கிறார் என்ற பேச்சு மாலைக்குள் எல்லா லயத்துக்கும் போய்விடும். தராசில் நிறுத்து முடிந்து அவர் ஓரமாக வந்து தண்ணீர் குடிக்கிற வரைக்கும் நின்றேன். கொப்பியின் நடுவில் உறையைக் கவிழ்த்து வைத்து, "அம்மா, இதில் ஒரு கையெழுத்து" என்று நீட்டினேன். கொழுந்துச் சாறு பட்டுக் கறுத்த விரல். பேனாவைப் பிடிக்க முடியாமல் முதலில் படங்கில் துடைத்தார், பிறகு எழுத்தெழுத்தாகப் பேரை எழுதினார். உறையை மடித்து ஜம்பருக்குள் வைத்துக்கொண்டு, என் கையைப் பிடித்து ஒரு தடவை அழுத்திவிட்டு வரிசைக்குப் போனார்.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். வங்கி, நீதிமன்றம், பொலிஸ் இப்படி எந்த உறையாக இருந்தாலும் எல்லோர் முன்னாலும் கொடுப்பதில்லை. யாரிடமிருந்து வந்திருக்கிறது என்று வாயால் சொல்வதும் இல்லை.

ஒரு சந்தேகம் ஐயா. வயதானவர்கள் கடிதத்தை வாசித்துக் காட்டச் சொல்கிறார்கள், அதிலும் சிங்களக் கடிதமென்றால் கட்டாயம். வாசிக்கலாமா?


பழைய பை

வாசியுங்கள் மகள். ஆனால் அவர்கள் கேட்டால் மட்டும். திண்ணையில் நின்று வாசிக்காதீர்கள், உள்ளே கூப்பிட்டால் உள்ளே போய் மெதுவாக வாசியுங்கள். உறையை அவர்களே பிரிக்கட்டும், உங்கள் கை பிரிக்க வேண்டாம். என்ன எழுதியிருக்கிறதோ அதை மட்டும் சொல்லுங்கள். துக்கச் செய்தியாக இருந்தால் மகனையோ மருமகளையோ பக்கத்தில் கூப்பிட்டுவிட்டு வாசியுங்கள். வெளியே வந்த பிறகு அந்தக் கடிதத்தை நீங்கள் வாசிக்கவே இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் அம்மாவிடம்கூடச் சொல்லக் கூடாது. ஒரு தடவை ஒரு சொல் வெளியே போய்விட்டால் அந்த லயத்தில் உங்களை நம்பி யாரும் கடிதம் பிரிக்க மாட்டார்கள்.

கையெழுத்துத் தெரியாதவர்களுக்குப் பெருவிரல் அடையாளம் வாங்கும்போது பக்கத்தில் ஒரு சாட்சியின் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக்கு ஒரு முறைப்பாடு வந்தால் அது உங்களைக் காப்பாற்றும்.

மடுவத்தில் நீங்கள் செய்தது சரியான வேலை.


பசறை மலர்

எங்கள் பாடசாலைப் பிள்ளைகளுக்கு நான் என்ன சொல்லிக் கொடுக்கலாம் தங்கச்சி? முகவரியை எப்படி எழுதினால் உங்களைப் போன்றவர்களுக்கு லேசாக இருக்கும்? தேர்தல் வந்தால் வாக்காளர் அட்டையும் பிந்தித்தான் வருகிறது. அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.


கொட்டகலைத் தங்கச்சி

அக்கா, பிள்ளைகளுக்கு இப்படி எழுதப் பழக்குங்கள். அடையாள அட்டையில் உள்ள பேர் அப்படியே. கீழே தகப்பன் அல்லது தாயின் பேர். பிறகு லய இலக்கம், காம்பரா இலக்கம், பிரிவு, தோட்டம், கடைசியில் தபாலகமும் அதன் அஞ்சல் குறியீட்டு எண்ணும். நுவரெலியா என்றால் 22200, ஹட்டன் 22000, தலவாக்கலை 22100. மாவட்டத்தின் பேரை மட்டும் எழுதிக் குறியீட்டை விட்டுவிட்டால் கடிதம் பெரிய தபாலகத்துக்குப் போய்ச் சுற்றிக்கொண்டு வருகிறது. லயத்துக்கு இலக்கம் இல்லையென்றால் "கோயிலுக்குப் பக்கத்து லயம்" என்று எழுதினாலும் போதும், நாங்கள் கண்டுபிடித்துவிடுவோம். கைபேசி எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். ஆள் மலையில் இருந்தாலும் ஒரு கோல் எடுத்து மடுவத்துக்கு வரச் சொல்லலாம்.

அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும்போதே இந்த முழு முகவரியையும் போட வேண்டும். தோட்டத்தில் இருக்கிறவர்களுக்கு விண்ணப்பத்தை உறுதிப்படுத்துவது தோட்ட அத்தியட்சகர் என்பதால், ஆபிஸில் நிரப்பும்போது தோட்டத்தின் பேரை மட்டும் போட்டுவிடுகிறார்கள். பக்கத்தில் நின்று லய இலக்கத்தையும் எழுதச் சொல்லுங்கள்.

வாக்காளர் அட்டை கைக்கு வராவிட்டாலும் பேர் வாக்காளர் இடாப்பில் (பட்டியலில்) இருந்தால், அடையாள அட்டையைக் காட்டி வாக்களிக்கலாம். இதைப் பெற்றோர் கூட்டத்தில் கட்டாயம் சொல்லுங்கள். அட்டை இல்லையென்று வீட்டில் இருந்துவிடுகிற பெரியவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

என் பீட்டில் ஒரு புதுக் கிராமம் இருக்கிறது. வீடுகளுக்கு இலக்கம் இல்லை, எல்லாக் கடிதமும் இன்னும் பழைய லயத்து முகவரிக்கே வருகிறது. அங்குள்ள இளைஞர்கள் இலக்கம் கேட்டுப் பிரதேச சபைக்கு மனு எழுதுகிறார்கள், வீட்டு வரிசையை வரைந்து கொடுக்க என்னைக் கேட்டிருக்கிறார்கள். உங்கள் பக்கம் யாராவது இப்படி எழுதி இலக்கம் வாங்கியிருந்தால், மனுவை யார் பேருக்கு அனுப்பினீர்கள், கூட என்னென்ன இணைத்தீர்கள் என்று இங்கே எழுதுங்கள். மஸ்கெலியா அண்ணே, உங்களுக்குத் தெரிந்த கிராமம் ஏதும் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.